மறப்பதற்கும் திசை உண்டு
இடப்பெயர்ச்சி இருந்தால்தான் ஃபின்னிஷ் மொழியில் திசை வேற்றுமை, அதாவது ‘உள்ளே’, ‘இலிருந்து’ என்று போக்கைக் காட்டும் உருபு, வரும் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். அது பாதி உண்மைதான். சாவியை வீட்டில் மறந்துவிட்ட அன்று, ‘வீட்டில்’ என்ற பொருளில் ‘கொத்தொன’ என்று சொல்லித் தோழியிடம் குட்டு வாங்கியவன் நான். அங்கே ‘கொத்தீன்’, அதாவது ‘வீட்டுக்குள்’ மறக்க வேண்டுமாம்! சாவி மேசையைவிட்டு ஓர் அங்குலம்கூட நகரவில்லை. வெளியே போகாமல் வீட்டிலேயே தங்கிவிட்டாலும் அதே ‘கொத்தீன்’தான். தொலைந்தது பையில் கிடைத்தால் ‘பையிலிருந்து’ கண்டெடுத்தேன் என்கிறார்கள். அதுவாவது நமக்குப் புரிகிறது. ஹங்கேரிய மொழி இன்னும் வேடிக்கை. ஊர்ப்பெயரோடு சேரும் உருபின்படி, வியன்னாவுக்கு ‘உள்ளே’ போகிறவர்கள் புடாபெஸ்ட்டுக்கு ‘மேலே’ போகிறார்கள். ஊர் என்ன, மொட்டை மாடியா? சரி, சொந்த நாட்டு ஊர் என்பதால் போலும் என்று பார்த்தால், ஹங்கேரியிலேயே உள்ள டெப்ரெட்சன் நகருக்கு மறுபடியும் ‘உள்ளே’!