பக்கத்து மலை என்றால் அவ்வளவு இளக்காரமா?

ஊரை ஒட்டி இருக்கும் காட்டு மலைகளை நாம் பூங்கா கணக்கில்தான் வைத்திருக்கிறோம். தொலைவில் இருக்கும் மலைக்கு என்றால் ஒரு வாரம் முன்பே ஷூ, டார்ச் எல்லாம் எடுத்து வைக்கும் ஆள்கூட, இங்கே மதியம் சாப்பிட்டுவிட்டு செருப்போடும் அரை பாட்டில் தண்ணீரோடும் கிளம்பிவிடுகிறார்.

நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1892-இல் ஒரு கணக்கு சொன்னார். 5 கி.மீ. நடைக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம். அதில் 600 மீட்டர் ஏற்றம் இருந்தால் இன்னொரு மணி நேரம் கூட்டிக்கொள்ள வேண்டும். அதுவும் நடந்து பழகியவர்களுக்கு, உட்காராமல், செல்ஃபி எடுக்காமல் போனால்! மரங்கள் அடர்ந்த இடத்தில் வெளியே வெளிச்சம் இருக்கும்போதே உள்ளே இருட்டத் தொடங்கிவிடும். முழங்கால் சோதிக்கப்படுவதும் இறங்கும்போதுதான். இரண்டும் ஒரே நேரத்தில் வந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

எனக்கு உண்மையில் கோபம் வருவது குறுக்கு வழிக்காரர்கள் மேல். பாதை வளைந்து வளைந்து ஏறுவது சரிவைக் குறைக்கத்தான். அதை வெட்டிக்கொண்டு நேராக இறங்கினால் செடிகள் மிதிபட்டு மண் இறுகிவிடும். அடுத்த மழையில் தண்ணீர் அந்தத் தடத்தையே பிடித்துக்கொண்டு மண்ணை அரித்துப் பள்ளமாக்கும். எப்போதாவது பத்துப் பேர் வரும் மலை இதைத் தாங்கும். விடுமுறை நாள்தோறும் கூட்டம் ஏறும் மலை எப்படித் தாங்கும்? தென்கொரியத் தேசியப் பூங்காக்களில் தேய்ந்த பாதைகளைச் சில ஆண்டுகள் மூடி ஓய்வு கொடுக்கிறார்கள். எல்லா நகரத்து மலைக்கும் இது வேண்டும் என்பேன். கொஞ்சம் முணுமுணுப்பு வரும், வரட்டும்.

அப்புறம், இந்தக் காடு நமக்கு நடக்க மட்டும் இல்லை. ரியோ டி ஜெனிரோவை ஒட்டிய திஜூக்கா மலைக்காட்டைக் காப்பித் தோட்டங்களுக்காக அழித்தார்கள். ஓடைகள் வற்றி, நகரத்தில் குடிநீருக்கே தட்டுப்பாடு வந்தது. 1861-இல் அரசு மறுபடி காடு வளர்க்க முடிவெடுத்தது. அடிமைகளாக வைக்கப்பட்டிருந்தவர்களின் உழைப்பில்தான் அந்த மரங்கள் நடப்பட்டன. இன்று ரியோவாசிகள் பலர் நடக்கப் போவது அந்தக் காட்டில்தான்.

ஸ்பீக்கரில் பாட்டு அலறவிட்டபடி ஏறுகிறவர்களுக்குத் தனியாக ஒரு பதிவே எழுத வேண்டும். இப்போதைக்கு, ஹெட்ஃபோன் கண்டுபிடித்துவிட்டார்கள் என்ற தகவலை மட்டும் அவர்களிடம் சொல்லிவிடுங்கள்.