என் ஹெரால்டுக்குப் பட்டி போட்ட புண்ணியவான்களுக்கு

குளிர்சாதனப் பெட்டியின் கதவில் மளிகைச் சீட்டைப் பிடித்துக்கொண்டிருந்த கொடைக்கானல் காந்தத்தை எடுத்துப்போய் என் காரின் பின்பக்கவாட்டில் வைத்தேன். பொத்தென்று விழுந்தது. ஒரு சாண் தள்ளி வைத்தேன். மறுபடியும் விழுந்தது. சக்கரத்துக்கு மேலே, கதவுக்குப் பின்னே, டிக்கி ஓரத்தில் என்று எங்கே வைத்தாலும் விழுந்தது. இரும்பில் செய்த கார். காந்தம் ஒட்ட இடமில்லை. இந்தச் சோதனையை வாங்குவதற்கு முன் அல்லவா செய்திருக்க வேண்டும் என்று கேட்காதீர்கள். வீட்டில் ஏற்கெனவே கேட்டாகிவிட்டது. தினமும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

சுரண்டிப் பார்த்தேன். மேலே பளபளக்கும் சிவப்புச் சாயம். அதற்குக் கீழே பள்ளம் நிரப்பப் பூசும் பசையான சாம்பல் நிறப் பட்டி. அதற்குக் கீழே வெளிர்நீலச் சாயம், மறுபடியும் பட்டி, இந்தமுறை மஞ்சள். அதையும் பெயர்த்தால் ரிவெட் அடித்த ஒரு தகரத் துண்டு. அது கார்த் தகரமே இல்லை, எண்ணெய் டின்னை வெட்டி எடுத்தது. உட்புறம் திருப்பிப் பார்த்தால் டின்னில் அச்சடித்த எழுத்தில் பாதி இன்னும் தெரிகிறது. தகரத்துக்குப் பின்னால் தாரில் தோய்த்த சாக்கு. சாக்குக்குப் பின்னால் ஒன்றுமில்லை. கையை விட்டால் சக்கரம் தட்டுப்படுகிறது. பட்டி தடிமனாக இருந்த ஓர் இடத்தை அளந்தேன்: 22 மில்லிமீட்டர். காரின் அசல் தகரம் ஒரு மில்லிமீட்டர்கூடக் கிடையாது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதைக் கேள்விப்பட்டிருக்கிறோம். இந்த மனிதர்கள் பூசணிக்காயையும் தின்றுவிட்டுச் சோற்றைக் குவித்து, இதுதான் பூசணிக்காய் என்று விற்றிருக்கிறார்கள்.

துருவின் மேல் எனக்குக் கோபமில்லை. இதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இரும்பு, தண்ணீர், காற்று மூன்றும் சேர்ந்தால் துரு வரும். கடற்காற்றின் உப்பு அதைத் துரிதப்படுத்தும். சென்னையில் அறுபது ஆண்டுகள் இருந்த காருக்குத் துரு பிடிக்காவிட்டால்தான் ஆச்சரியம். துரு தன் வேலையை நேர்மையாகச் செய்கிறது. குமிழ் விட்டுக் காட்டுகிறது, நிறம் மாறிக் காட்டுகிறது, மிதிக்கும் இடத்தில் நொறுங்கிக் காட்டுகிறது. அது கொடுத்த அத்தனை எச்சரிக்கைக்கும் மேல் பட்டியைப் பூசி வாயை அடைத்தவர்கள் மேல்தான் எனக்குக் கோபம். அந்தப் பட்டி தண்ணீரைத் தடுக்கும் பொருளுமல்ல. நுண்துளை உள்ளது, ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். துருவின் மேல் பட்டி போடுவது, காயத்தின் மேல் ஈரத்துணியைக் கட்டி ஆறு மாதம் அவிழ்க்காமல் விடுவது போன்றது.

கார் என்ன கார் என்று சொல்லவில்லை பாருங்கள். 1964ஆம் ஆண்டு ஸ்டாண்டர்டு ஹெரால்டு, இரண்டு கதவு. நான் சேலையூரில் இருக்கிறேன். இந்தக் கார் பிறந்தது இங்கிருந்து கூப்பிடு தூரத்தில், வண்டலூர்ப் பக்கம். இங்கிலாந்தில் 1959இல் ட்ரையம்ப் ஹெரால்டாக வந்தது, 1961 முதல் இங்கே ஸ்டாண்டர்டாக உருண்டது. உருவம் கொடுத்தவர் இத்தாலியரான ஜோவன்னி மிக்கெலோட்டி. 948 சிசி எஞ்சின். மட்கார்டுகளோடு சேர்ந்து பானட் முழுவதும் முன்னோக்கிக் கவிழ்ந்து திறக்கும். எஞ்சின் வேலை பார்க்க முன்சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்துகொள்ளலாம். இன்றைக்கு வரும் கார்களில் ஒரு பல்பு மாற்றுவதற்கு பம்பரைக் கழற்ற வேண்டியிருக்கிறதே, அதை நினைத்தால் இந்தக் காரை வடிவமைத்தவர்களைக் கும்பிடத் தோன்றுகிறது.

அந்தக் கும்பிடோடு ஒரு சாபமும் சேர்ந்து வருகிறது. ஹெரால்டின் மேற்கூடு ஒரே துண்டல்ல. ஸ்டாண்டர்டு-ட்ரையம்ப் என்ற அந்த இங்கிலாந்து நிறுவனத்துக்குக் கார்க்கூடு செய்து தந்துகொண்டிருந்த ஆலையை 1953இல் போட்டி நிறுவனம் வாங்கிக்கொண்டது. வேறு வழியில்லாமல் பல இடங்களில் துண்டு துண்டாகச் செய்து, தனிச் சட்டகத்தின் (சேஸி) மேல் போல்ட் போட்டுக் கோக்கும்படி இதை அமைத்தார்கள். கூரையும் போல்ட்தான். கழற்றித் தனியே எடுத்து வைத்துவிடலாம். இது மட்டும் நம் ஊர் மனிதர்களின் காதுக்கு எட்டாமல் இருந்திருந்தால் நான் இன்று இவ்வளவு எழுத வேண்டியிருக்காது.

ஆம், நான் வாங்கியது தொழிற்சாலையில் பிறந்த கன்வர்டிபிள் அல்ல. கல்யாண ஊர்வலத்துக்கு விடலாம் என்று யாரோ ஒரு புத்திசாலி கூரையைக் கழற்றி ரெக்சின் தைத்துப் போட்டுக் கன்வர்டிபிள் ஆக்கிய கார். கூரை எங்கே என்று விற்றவரிடம் கேட்டேன். ஊரில் ஆழ்குழாய்க் கிணற்று மோட்டாருக்கு வெயில் படாமல் மேலே கவிழ்த்து வைத்திருந்தார்களாம். பிறகு அதுவும் துருப்பிடித்துக் காயலான் கடைக்குப் போய்விட்டதாம். மிக்கெலோட்டி வரைந்த கூரை மோட்டாருக்குக் குடை பிடித்துச் செத்திருக்கிறது.

கூரை இருந்தவரை மேற்கூடு விறைப்பாக நிற்கும். அது போனதும் பெட்டிக்கு மூடி போனதுபோல் ஆகிவிடும். இரண்டு பக்கக் கதவு வாசலும் சற்றே நெகிழும், கதவு சாத்தாது. சாத்தாத கதவுக்கு நம் முன்னோர் என்ன செய்தார்கள்? கதவின் ஓரத்தை அரத்தால் ராவி, தேய்ந்த இடத்துக்குப் பட்டி போட்டார்கள். ரெக்சின் ஒழுகியது. ஒழுகிய தண்ணீர் போக வழியில்லாமல் தரையில் தேங்கியது. தரை ஓட்டையானதும் தகரம் வைத்துச் சிமெண்ட் பூசினார்கள். ஆமாம், சிமெண்ட். வீட்டுக்குப் பூசுகிற அதே சிமெண்ட். ஓட்டுநர் இருக்கைக்குக் கீழே உளி வைத்துக் கொத்தினேன். கொத்தனாரைக் கூப்பிட்டிருக்கலாம் என்று என் மனைவி சொன்னதற்குப் பதிலே இல்லை.

சட்டகத்திலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகள் இருக்கின்றனவே, மேற்கூட்டைத் தாங்குபவை, அவற்றில் பின்பக்கம் இரண்டும் உள்ளே பொடி. தட்டினால் டம் டம் என்று ஒலிக்க வேண்டிய இடம் சதக் என்றது. அதன் மேல் தார் பூசியிருந்தார்கள். கறுப்பாகப் பளபளவென்று, புதிதுபோல்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. துரு வராமல் இருக்க கேட்டுக்கும் ஜன்னல் கம்பிக்கும் ரெட் ஆக்சைடு அடிக்கிறோமே, அந்தச் சிவப்பு நிறமே இரும்பு ஆக்சைடுதான். துருவுக்குப் பயந்து துருவின் சொந்தக்காரனையே பூசிக்கொள்கிறோம். கார்த்திகை மாதத்தில் இதைப் பற்றிச் சிரிக்க முடியவில்லை. மாலை முழுவதும் கம்பி பிரஷ் போட்டு வெள்ளி போலத் தேய்த்து வைத்த தகரம், மறுநாள் காலை காபி குடிப்பதற்குள் ஆரஞ்சு நிறத்துக்கு மாறியிருந்தது. மழைக்காலக் காற்றில் வெறும் இரும்பை ஒரு ராத்திரிகூட விடக்கூடாது. தேய்த்த கையோடு எபாக்சி பிரைமர் அடித்தாக வேண்டும். நான்குமுறை தேய்த்த பிறகுதான் எனக்கு இது ஏறியது.

போல்ட்களைப் பற்றியும் சொல்லி அழ வேண்டும். இந்தக் காரில் எல்லாம் இஞ்சு அளவு. அரை இஞ்சு ஸ்பேனர் என்றால் 12.7 மில்லிமீட்டர். நம் ஊர்ப் பட்டறைகளில் இருப்பது 13 மில்லிமீட்டர். இந்த 0.3 மில்லிமீட்டர் இடைவெளியில்தான் அறுபது ஆண்டுகளாக ஒவ்வொரு மெக்கானிக்கும் தன் பலத்தைக் காட்டியிருக்கிறார். அறுமுகம் இருக்க வேண்டிய போல்ட் தலைகள் எல்லாம் கூழாங்கல்போல் உருண்டையாக இருக்கின்றன. துருவில் இறுகிய உருண்டை போல்ட்டை மண்ணெண்ணெய் ஊற்றி, சூடுகாட்டி, வைஸ் கிரிப்பால் கவ்வி, கடைசியில் கிரைண்டரால் தலையை வெட்டி எடுத்தேன். ஒரு போல்ட்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை. பழைய உதிரிபாகக் கடைகள் இருக்கும் புதுப்பேட்டையில் தேடினால் இஞ்சு போல்ட் கிடைக்காமல் இல்லை. கிடைக்கும்வரை நடக்கக் கால் வேண்டும். ரப்பர் பீடிங்குகளை இங்கிலாந்திலிருந்து வரவழைத்தேன்: சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். சுங்க வரி தனி.

எல்லாவற்றையும்விட என்னைக் கொதிக்க வைத்தது முன்சக்கரம். சக்கரத்தைத் தாங்கும் செங்குத்துத் தண்டின் அடிமுனை, திருகுமரை கொண்ட ஒரு வெண்கலக் கட்டைக்குள் உட்கார்ந்திருக்கும். ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அந்த மரையில்தான் சுழலும். அதற்குப் போட வேண்டியது கெட்டியான 90ஆம் எண் கியர் ஆயில். கிரீஸ் கூடாது. ஆயில்தான் மரைக்குள் ஊடுருவும். கிரீஸ் நாளடைவில் காய்ந்து மெழுகாகி வழியை அடைத்துவிடும். மரை வறண்டு உள்ளே துருப்பிடித்து, ஒரு நாள் தண்டு ஒடியும். ஒடிந்தால் முன்சக்கரம் பக்கவாட்டில் மடிந்து விழும். ஓடும் காரில். இவ்வளவுக்கும் ஆயில் ஊற்றுவதற்கென்று அங்கே ஒரு சிறு திருகாணி வைத்துக் கொடுத்திருக்கிறார்கள். என் காரில் அந்தத் திருகாணியைத் தூக்கி எறிந்துவிட்டு, அதே இடத்தில் கிரீஸ் அடிப்பதற்கான சிறு முனையை, அதாவது கிரீஸ் நிப்பிளை, அழகாகப் பொருத்தியிருந்தார்கள். கழற்றிப் பார்த்தால் உள்ளே கல்லாய்ப் போன கறுப்புக் கிரீஸ், அதற்கு மேலே துரு. இந்தத் தண்டை நம்பி எத்தனை மாப்பிள்ளையும் பெண்ணும் மாலையோடு ஊர்வலம் போனார்களோ.

ஒரு மெக்கானிக்கிடம் இதைக் காட்டினேன். நிப்பிள் இருந்தால் கிரீஸ்தானே சார் அடிப்பார்கள் என்றார். யார் வைத்த நிப்பிள் என்று கேட்டதற்கு, யாராவது விஷயம் தெரிந்தவர்தான் வைத்திருப்பார் என்றார்.

சரி, இத்தனையும் செய்து முடித்துவிட்டால் மரியாதையாக ஒரு பதிவு எண்ணாவது கிடைக்குமா? ஐம்பது ஆண்டு கடந்த கார்களுக்கென்று ஒன்றிய அரசு 2021இல் தனி விதி கொண்டுவந்தது. 20,000 ரூபாய் கட்டணம், பத்தாண்டுச் செல்லுபடி, ‘விஏ’ என்ற எழுத்துகளோடு தனி வரிசை எண். நல்ல விதிதான், குறை சொல்லவில்லை. ஆனால் கார் அசல் வடிவில் பேணப்பட்டிருக்க வேண்டும். சட்டகம், மேற்கூடு, எஞ்சினில் பெரிய மாற்றம் இருக்கக்கூடாது. கூரையே இல்லாத மேற்கூட்டை வைத்துக்கொண்டு அசல் வடிவம் என்று எந்த முகத்தோடு படிவத்தை நிரப்புவது? கூரை மோட்டாருக்கு மேலே இருந்தது ஐயா என்று எழுதவா?

கோபத்தின் நடுவே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. தினமும் அலுவலகத்துக்கு ஓட்டும் என் இன்னொரு காரில் மூன்று ஆண்டுகளுக்கு முன் கதவடியில் துரு கண்டது. தகரம் வெட்டி வெல்டிங் செய்ய நான்கு நாள் ஆகும், பட்டி என்றால் மாலையே தருகிறேன் என்றார்கள். மாலையே வாங்கிக்கொண்டு வந்தேன். இதற்கு மேல் அந்தப் பேச்சு வேண்டாம்.

பின்பக்கவாட்டுத் தகரத்தை என்னால் செய்ய முடியவில்லை. வளைவு இரண்டு திசையிலும் போகிறது. என் வெல்டிங் பட்ட இடமெல்லாம் சூட்டில் சுருங்கி அப்பளம் போலானது. அதனால் டிங்கர் அண்ணன் ஒருவரை அழைத்துவந்தேன். நாற்பது ஆண்டு கை. சுத்தியலும் அடிக்கட்டையும் வைத்துக்கொண்டு, வெறும் தகரத்தில் அந்த வளைவை இரண்டு நாளில் கொண்டுவந்தார். நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். இப்படிக் கை இருக்கும்போது ஏன் எல்லாருக்கும் பட்டி போட்டுக் கொடுக்கிறீர்கள் என்று கேட்டேன். இப்படிச் செய்யச் சொல்லி யார் சார் கூலி கொடுக்கிறார்கள் என்றார். அந்தக் கேள்வி எனக்கு உறைத்தது. பதினைந்து நிமிடம்.

ஏனென்றால் இன்று மாலை தெருமுனைக்குப் போய் இரண்டு டீ வாங்கிக்கொண்டு திரும்பியபோது, இடப்பக்கக் கதவடியில் கட்டைவிரல் அளவு ஓட்டை ஒன்று இருந்ததே, நாளை தகரம் வெட்டி வைக்கலாம் என்று நான் சுண்ணக்கட்டியால் வட்டம் போட்டு வைத்திருந்த ஓட்டை, அதைக் காணவில்லை. வட்டத்தையும் காணவில்லை. அண்ணன் பட்டித் தகட்டைத் துணியில் துடைத்துக்கொண்டிருந்தார். சின்ன ஓட்டைதானே சார், பெயிண்ட் அடித்தால் கடவுளுக்கே தெரியாது என்று சொல்லி டீயை வாங்கிக்கொண்டார். நான் கத்தினேன். அவர் டீயைக் குடித்தார். கத்தி முடிப்பதற்குள் பட்டி இறுகிவிட்டது.

இப்போது அது கல். காலை எழுந்ததும் கிரைண்டர் போட்டுத்தான் எடுக்க வேண்டும். போன மாதம் கிரைண்டர் தூசி மொட்டைமாடிக்குப் பறந்ததில் ஏற்கெனவே ஒரு சண்டை நடந்திருக்கிறது. பக்கத்து வீட்டு மாமி சற்றுமுன்தான் மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து சொல்லிவிட்டுப் போனார், நாளை காலை வடாம் பிழியப் போகிறாராம்.