கார்டை மாற்றும் முன் ட்ரைவரைப் பாருங்கள்
தம்பி, மடிக்கணினியில் உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்தைப் போட்ட பிறகு வைஃபை காட்டவில்லை என்றால் வைஃபை கார்டு செத்துவிட்டது, புதிது வாங்குங்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அது தவறு. கார்டை இயக்கும் மென்பொருளான ட்ரைவர் இல்லாமல் இருக்கலாம்.

புதுக்குடியிருப்பிலிருந்து ஒரு பிள்ளை கிளிநொச்சிக்குக் கொண்டுவந்த மடிக்கணினிக்கும் ஏதோவொரு கடையில் இதே தீர்ப்பைத்தான் சொல்லியிருந்தார்கள். கட்டளைகளைத் தட்டச்சும் டெர்மினல் சாளரத்தில், கணினிக்குள் இருக்கும் கார்டுகளைப் பட்டியலிடும் 'எல்எஸ்பிசிஐ' (lspci) கட்டளையை ஓடவிட்டேன். பட்டியலின் கடைசியில் பிராட்காம் என்ற சிப் நிறுவனத்தின் பெயர் நின்றது. கார்டு முழுதாகச் செத்திருந்தால் பெரும்பாலும் அந்த வரியே வந்திருக்காது.

பிராட்காமின் பல பழைய சிப்புகளுக்கு அந்த நிறுவனத்தின் மூடிய, அதாவது மூலநிரலை வெளியிடாத, ட்ரைவர் வேண்டும். உபுண்டுவை நிறுவும்போது மூன்றாம் தரப்பு மென்பொருளுக்கான கட்டத்தில் சரி போடாமல் விட்டால் அது வராமலே போகலாம். உபுண்டுவுக்கு அடிப்படையான டெபியன்கூட 2023இல் வெளிவந்த 12ஆம் பதிப்பிலிருந்துதான் மூடிய ஃபர்ம்வேர் (கார்டுக்குள்ளேயே ஓடும் மென்பொருள்) கோப்புகளைத் தன் அதிகாரபூர்வ நிறுவியில் சேர்க்கிறது.

வைஃபை இல்லாமல் ட்ரைவரை எப்படி இறக்குவது? ஆண்ட்ராய்டு கைத்தொலைபேசியை யுஎஸ்பி வயரால் இணைத்து, அதன் இணையத்தைக் கணினிக்குப் பகிரும் டெதரிங்கை இயக்குங்கள். லினக்ஸ் அதைக் கம்பி இணைப்பாகவே எடுத்துக்கொள்ளும். டேட்டா தீர்ந்துவிடும் என்று அந்தப் பிள்ளை தயங்கித் தயங்கித்தான் தொலைபேசியைத் தந்தாள். உபுண்டுவின் 'கூடுதல் ட்ரைவர்கள்' சாளரத்தில் அந்த ட்ரைவரைத் தெரிவு செய்து, கணினியை மீண்டும் தொடக்கினோம். செக்யூர் பூட் (கையொப்பமில்லாத மென்பொருளைத் தடுக்கும் பாதுகாப்பு) இயங்கும் கணினியானால் அப்போது ஒரு நீலத்திரை வரும். ட்ரைவரை நிறுவும்போது கொடுத்த கடவுச்சொல்லை அங்கே இட வேண்டும். பலர் அவசரத்தில் அதைத் தாண்டிவிட்டு, ட்ரைவர் ஏறவில்லை என்று திட்டுகிறார்கள்.

எல்எஸ்பிசிஐ பட்டியலில் கார்டின் பெயரே இல்லாவிட்டால் உங்கள் சந்தேகத்துக்கு இடமுண்டு. அப்போதும் பயாஸில் (கணினி தொடங்கும்போது திறக்கும் அடிப்படை அமைப்புத் திரை) வைஃபை அணைக்கப்பட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.