பால் வாங்கப் போனது யார்?

இந்திரா நூயியின் பால் கதை இந்த வாரமும் வாட்ஸப்பில் வந்தது. எனக்கு இது மூன்றாவது முறை. கூடவே கூப்பிய கைகளும் ஒரு வரியும்: "எவ்வளவு உயர்ந்தாலும் வீட்டில் அவள் பெண்தான்!"

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அமெரிக்கக் குளிர்பான நிறுவனமான பெப்சிகோவின் பிரசிடென்ட் பதவி தனக்குத்தான் என்ற செய்தியோடு இரவு பத்து மணிக்கு வீடு திரும்புகிறார். பால் தீர்ந்துவிட்டது, போய் வாங்கி வா என்கிறார் அம்மா. கணவர் முன்னாலேயே வந்துவிட்டாரே, அவரிடம் சொல்லியிருக்கலாமே? அவர் களைத்துப்போயிருக்கிறார் என்று பதில் வருகிறது. பாலை வாங்கி வந்து வைத்துவிட்டுச் செய்தியைச் சொன்ன மகளிடம், அந்தக் கிரீடத்தை வண்டி நிறுத்தும் இடத்திலேயே விட்டுவிட்டு வா என்கிறார் அம்மா. நூயியே மேடையில் சொன்னதுதான். அவர் 2006இல் தலைமைச் செயல் அதிகாரியாகி 2018 வரை அந்த நாற்காலியில் இருந்தார்.

இதைப் பணிவுக்கு உதாரணம் என்று பகிர்கிறோம். எனக்கு என்னவோ இது களைப்புக்கு உதாரணமாகத்தான் படுகிறது. ஒரே வீட்டில் இருவர் வேலைக்குப் போய் வருகிறார்கள். களைப்பு ஒருவருக்குத்தான் அனுமதிக்கப்பட்டிருக்கிறது.

நான் 34 ஆண்டுகள் ஒரு பொதுத்துறை வங்கியில் இருந்தவள். ஸ்கேல் நான்கில் ஓய்வுபெற்றேன். வங்கிக்கு வெளியே இருப்பவர்களுக்கு: என் காலத்தில் அதிகாரிகளுக்கு ஒன்று முதல் ஏழு வரை ஸ்கேல் இருந்தது. ஏழு என்றால் பொது மேலாளர், வங்கி மொழியில் ஜி.எம். அதற்கும் மேலே செயல் இயக்குநர், நிர்வாக இயக்குநர். நான் நின்றது நடுப்படியில். ஏன் நின்றேன் என்று யோசிக்க ஓய்வுக்குப் பிறகுதான் நேரம் கிடைத்தது.

என்னை யாரும் கெட்ட எண்ணத்தோடு தடுக்கவில்லை. அப்படித் தடுத்திருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். 1990களின் நடுவில் திண்டுக்கல்லில் ஒரு கிளையில் இருந்தேன். கடன் பிரிவில் ஓர் இடம் காலியானது. சீனியாரிட்டிப்படி என் முறை. மேலாளர் தங்கமான மனிதர், என்னைத் தன் மகளாகவே நடத்தியவர். "கடன் வாங்கிய மில்லுக்குப் போய்ச் சரக்கு இருப்பைச் சரிபார்க்க வேண்டும், திரும்ப ராத்திரி எட்டு மணியாகும். கைக்குழந்தைக்காரி, உனக்கு எதற்கம்மா இந்தத் தலைவலி? நகைக்கடனையும் லாக்கரையும் பார்த்துக்கொள். ஐந்தரைக்குக் கிளம்பிவிடலாம்" என்றார். நான் நன்றி சொன்னேன். அன்று வெள்ளிக்கிழமை, விஷயத்தைக் கேட்ட என் மாமியார் அவர் பெயருக்கு அபிராமி கோயிலில் அர்ச்சனையே செய்தார் என்றால் நம்புவீர்களா?

அந்த இடத்தில் எனக்கு ஒரு வருடம் இளையவர் உட்கார்ந்தார். மூன்று ஆண்டுகளில் அவருக்கு பேலன்ஸ் ஷீட்டைப் பார்த்த மாத்திரத்தில் எங்கே இடிக்கிறது என்று தெரிந்தது. எந்த முதலாளி கிடங்கில் காலி மூட்டையை அடுக்கிக் கணக்குக் காட்டுவார் என்று தெரிந்தது. நான் அந்த மூன்று ஆண்டுகளில் ஒரு கவரிங் நகைக்குக்கூட ஏமாறவில்லை. அதில் எனக்கு இன்றும் பெருமை உண்டு. ஆனால் எட்டு ஆண்டு கழித்து பதவி உயர்வுக்கான நேர்முகத் தேர்வில் கேட்ட முதல் கேள்வி, "அதிகபட்சம் எத்தனை கோடிக் கடனைப் பரிசீலித்திருக்கிறீர்கள்?" லாக்கர்களின் எண்ணிக்கையையா சொல்ல முடியும்? அந்த இளையவர் பொது மேலாளராக ஓய்வுபெற்றார். திறமைசாலி, தகுதியானவர். எனக்குக் கிடைக்காத இருட்டும் எட்டு மணியும் அவருக்குக் கிடைத்தன, அவ்வளவுதான்.

பெண்கள் மேல்பதவிக்கு வராததற்குக் காரணம் மேலே இருக்கிறது என்றுதான் எல்லாரும் எழுதுகிறார்கள். கண்ணுக்குத் தெரியாத தடை, கண்ணாடிக் கூரை என்கிறார்கள். நான் பார்த்தவரை விஷயம் நடுவில், முப்பத்திரண்டு வயதில், யாரோ நம்மேல் இரக்கப்படும்போது முடிந்துவிடுகிறது. தனியார் நிறுவனங்களிலும் இதே கதைதான். விற்பனை, தொழிற்சாலை, வரவு செலவுப் பொறுப்பு எல்லாம் ஆண்களுக்கு. மனிதவளம், விளம்பரம், சமூகப் பொறுப்புத் திட்டங்கள் பெண்களுக்கு. நாளைக்குத் தலைவரைத் தேடும்போது லாபநஷ்டத்துக்குப் பதில் சொன்னவரைத்தான் தேடுவார்கள்.

இரண்டாவது தவறு நானே செய்தது. டிரான்ஸ்பருக்குப் பயந்து இரண்டு முறை புரமோஷன் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன். ஒருமுறை மகனின் பத்தாம் வகுப்பு, இன்னொரு முறை மாமனாரின் பக்கவாதம். இரண்டுமே நிஜமான காரணங்கள். ஆனால் கணக்கைப் பாருங்கள். இருபத்திரண்டில் சேர்கிறோம், அறுபதில் ஓய்வு. ஒவ்வொரு ஸ்கேலுக்கும் சில ஆண்டுகள் காத்திருப்பு. உச்சிப் பதவிக்குப் பரிசீலிக்கப்பட வேண்டுமானால் ஓய்வுக்கு முன்பு கொஞ்சம் சர்வீஸ் கையில் மிச்சம் இருந்தாக வேண்டும். முப்பத்தெட்டில் மறுத்ததன் விலை ஐம்பத்தாறில்தான் தெரியும். அப்போது மகன் அமெரிக்காவில் இருப்பான்.

2013 நினைவிருக்கிறதா? பல வங்கிகளின் தலைமையில் பெண்கள் இருந்தார்கள். ஸ்டேட் பாங்கில் அருந்ததி பட்டாச்சார்யா, பாங்க் ஆஃப் இந்தியாவில் விஜயலட்சுமி ஐயர், அலகாபாத் பாங்கில் சுபலட்சுமி பான்சே, புதிதாகத் தொடங்கிய பாரதிய மகிளா வங்கியில் உஷா அனந்தசுப்ரமணியன். கதவு திறந்துவிட்டது என்று நாங்கள் கிளையில் இனிப்பு வாங்கிச் சாப்பிட்டோம். அது கதவு இல்லை, ஒரு பேட்ச். 1969இல் வங்கிகள் தேசியமயமான பிறகு பரீட்சை எழுதி உள்ளே வந்த பெண்களில், எந்த ஊருக்கும் போகிறேன் என்று நின்ற சிலர் ஒரே சமயத்தில் மேலே வந்து சேர்ந்தார்கள். அருந்ததி 1977இல் புரொபேஷனரி அதிகாரியாக, அதாவது பயிற்சி நிலை அதிகாரியாகச் சேர்ந்தவர்; தலைவராக 36 ஆண்டுகள் ஆயின. அவருக்குப் பிறகு அந்த நாற்காலியில் இன்னொரு பெண் உட்காரவில்லை. சென்னையில் தலைமையகம் உள்ள இந்தியன் வங்கிக்கு 2000இல் ரஞ்சனா குமார் தலைவராக வந்தார். நொடித்துக் கிடந்த வங்கியை நிமிர்த்தினார். அடுத்த பெண், பத்மஜா சுந்துரு, வந்தது 2018இல். பதினெட்டு ஆண்டு இடைவெளி.

அருந்ததி தன் காலத்தில் குழந்தை வளர்ப்புக்கும் முதியோர் பராமரிப்புக்கும் பெண்கள் இரண்டு ஆண்டு வரை விடுப்பு எடுக்க வழி செய்தார். 2014இல் நிதி அமைச்சகமும் பெண் ஊழியர்களைக் கணவரோ பெற்றோரோ இருக்கும் ஊருக்கு அருகில் அமர்த்தப் பாருங்கள் என்று பொதுத்துறை வங்கிகளுக்கு அறிவுறுத்தியது. நல்ல காரியங்கள், எத்தனையோ பேர் வேலையை விடாமல் காப்பாற்றப்பட்டார்கள். ஆனால் வேலையில் நிலைக்க வைப்பது வேறு, மேலே ஏற்றுவது வேறு. விடுப்பு முடிந்து வருபவளைத் திரும்பவும் லாக்கர் சாவியோடு உட்கார வைத்தால் என்ன பயன்?

2013 கம்பெனிச் சட்டம், பட்டியலிடப்பட்ட நிறுவனங்களின் இயக்குநர் குழுவில் ஒரு பெண்ணாவது இருக்க வேண்டும் என்றது. உடனே பல முதலாளிகளின் மனைவிமார்களுக்கு நிர்வாகத் திறமை வந்துவிட்டது! பிறகு பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் செபி, பெரிய நிறுவனங்களில் அந்தப் பெண் முதலாளி குடும்பத்தோடு தொடர்பில்லாத சுயேச்சை இயக்குநராக இருக்க வேண்டும் என்று இறுக்கியது. வரவேற்கிறேன். ஆனால் காலாண்டுக்கு ஒருமுறை கூட்டத்துக்கு வருபவர் வேறு, தினமும் கடையைத் திறந்து மூடுபவர் வேறு.

மேலதிகாரிகளாக இருக்கும் நண்பர்களே, அந்தப் பெண்ணுக்காக நீங்கள் முடிவெடுக்காதீர்கள். "மில்லுக்குப் போக முடியுமா?" என்று அவளைக் கேளுங்கள். முடியாது என்றால் அது அவள் வாயிலிருந்து வரட்டும். தங்கைகளே, கடினமான இருக்கையைக் கேட்டு வாங்குங்கள். வாய்மொழியாக இல்லை, கடிதமாக. "அதிகம் ஆசைப்படுகிறாள்" என்று பேசுவார்கள். பேசட்டும். நல்ல பெண் என்று பெயரெடுத்துத்தான் நான் நான்கில் நின்றேன்.

என் கிளையில் வேலை பார்த்த பெண் ஒருத்திக்குப் போன மாதம் ஸ்கேல் நான்கு கிடைத்தது. போஸ்டிங் ராஞ்சி. அழுதபடி போன் செய்தாள். மகள் ஏழாம் வகுப்பு, கணவருக்கு மதுரையில் வேலை. என்ன சீட் என்று கேட்டேன். பெரிய கடன்களைப் பரிசீலிக்கும் பிரிவு என்றாள். அழுதுகொண்டே பெட்டியைக் கட்டு என்றேன். போய்விட்டாள்.

நேற்றுக் காலை அவள் கணவர் அழைத்தார். மாவு பொங்கவில்லையாம், என்ன செய்வது என்று கேட்டார். சொன்னேன். போனை வைக்கப்போனவர், "அக்கா, பால்காரர் எத்தனை மணிக்கு வருவார் என்று தெரியுமா? அவள் மீட்டிங்கில் இருக்கிறாள் போலிருக்கிறது, போனை எடுக்கவில்லை" என்றார்.

"உங்கள் வீட்டுப் பால்காரரை எனக்கு எப்படித் தெரியும் தம்பி? நாளைக்கு விடிவதற்குள் எழுந்து வாசலில் நின்று பாருங்கள்" என்றேன்.