கோயிலுக்குள் துப்பாக்கி: யாருக்குத் தெரியாமல்?

அமெரிக்காவில் எங்காவது வழிபாட்டுத் தலத்தில் துப்பாக்கிச் சூடு என்று செய்தி வந்தால் போதும், அன்று இரவுக்குள் எங்கள் டெக்ஸஸ் தமிழ் வாட்ஸ்அப் குழுவில் ஒயிட் செட்டில்மென்ட் வீடியோவை யாராவது போட்டுவிடுவார்கள். 2019 டிசம்பர் 29, டெக்ஸஸில் ஃபோர்ட் வொர்த் பக்கத்தில் இருக்கும் அந்த ஊரில் ஒரு தேவாலயம். ஞாயிறு ஆராதனை நேரலையில் ஓடிக்கொண்டிருக்கிறது. ஒருவன் எழுந்து ஷாட்கன்னால் இருவரைச் சுடுகிறான். ஜாக் வில்சன் என்பவர் ஒரே குண்டில் அவனை வீழ்த்துகிறார். எல்லாம் ஆறு நொடிக்குள். வீடியோவுக்குக் கீழே, "நாமும் இடுப்பில் ஒன்றைச் செருகிக்கொண்டுதான் கோயிலுக்குப் போகணும்" என்று ஒரு வரி.

அந்த வீடியோவை முழுசாகப் பார்த்தவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள். வில்சன் வெறுமனே ஆராதனைக்கு வந்தவர் அல்ல. முன்னாள் ரிசர்வ் டெபுட்டி ஷெரிஃப் (உள்ளூர்க் காவல்துறையின் துணை அதிகாரி), துப்பாக்கிப் பயிற்சியாளர், அந்தத் தேவாலயப் பாதுகாப்புக் குழுவின் தலைவர். ஒட்டுத்தாடியோடு வந்தவனைக் குழுவினர் முதலிலேயே கவனித்து, ஒரு கேமராவை அவன் பக்கம் திருப்பியிருந்தார்கள். இவ்வளவுக்கும் பிறகு இருவர் இறந்தார்கள். அதில் ஒருவர் அதே குழுவைச் சேர்ந்தவர், தன் துப்பாக்கியை எடுக்கும்போதே சுடப்பட்டார். பதறி எழுந்தவர்கள் குறுக்கே வந்ததால் ஒரு கணம் காத்திருந்துதான் சுட முடிந்தது என்று வில்சனே சொன்னார். அவன் விழுந்த பிறகு பாருங்கள், இன்னும் பலர் கையில் துப்பாக்கியோடு நகர்கிறார்கள். அந்த நேரத்தில் போலீஸ் உள்ளே வந்திருந்தால் யாரை யாரென்று நினைத்திருப்பார்கள்?

கொலைகாரனுக்குத் தெரியாமல் ஆயுதம் வைத்திருப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. கோயில் நிர்வாகத்துக்கே தெரியாமல் வைத்திருப்பதைத்தான் எதிர்க்கிறேன்.

டெக்ஸஸில் இப்போது அதுதான் நிலைமை. வழிபாட்டுத் தலத்தில் உரிமம் உள்ளவர் துப்பாக்கி கொண்டுவரலாமா என்பதில் இருந்த குழப்பத்தை 2019 செப்டம்பரில் வந்த சட்டம் நீக்கியது: நிர்வாகம் வேண்டாம் என்று அறிவிக்காவிட்டால் கொண்டுவரலாம். அறிவிப்புப் பலகை வைப்பதென்றால் ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும், ஒரு அங்குல உயர எழுத்தில் வைக்க வேண்டும். 2021இல் உரிமமே தேவையில்லை என்றாகிவிட்டது. உரிமத்துக்காக உட்கார்ந்த சில மணி நேர வகுப்பும் அதோடு போயிற்று. மௌனமாக இருக்கும் கோயில் சம்மதித்ததாகவே கணக்கு.

நம் கோயில்களை நினைத்துப் பாருங்கள். சாஷ்டாங்கமாக விழுகிறோம். குழந்தையை இடுப்பில் தூக்கி சாமி காட்டுகிறோம். அன்னதான வரிசையில் முட்டி மோதி நிற்கிறோம். (சட்டையைக் கழற்றி வேட்டியோடு நிற்பவர் எங்கே ஒளித்து வைப்பார் என்பது எனக்குப் புரியாத மர்மம்.) 2017 நவம்பரில் டென்னசியின் டெலிகோ ப்ளெயின்ஸில் ஒரு தேவாலய விருந்து. தேவாலயத் துப்பாக்கிச் சூடுகளைப் பற்றிப் பேச்சு வந்தது. எண்பது கடந்த ஒருவர் தன்னிடம் இருந்ததை எடுத்துக் காட்டினார், அது வெடித்து அவர் கையையும் மனைவியின் வயிற்றையும் துளைத்தது. நல்ல வேளை, இருவரும் பிழைத்தார்கள்.

சரி, ஆயுதமே இல்லாத இடத்தில் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். 2015 ஜூனில் தென் கரோலினாவின் சார்ல்ஸ்டனில் ஒரு தேவாலயம், ஒன்பது பேர் செத்தார்கள். கொலையாளி சுமார் ஒரு மணி நேரம் அவர்களோடு பைபிள் வகுப்பில் உட்கார்ந்திருந்து, அவர்கள் கண்மூடி ஜெபித்தபோது சுட்டான். இறந்த போதகர் கிளெமென்டா பிங்க்னி மாநில செனட்டரும்கூட. துப்பாக்கிச் சட்டத்தைத் தளர்த்த அவர் ஒத்துக்கொள்ளாததால்தான் இப்படி ஆயிற்று என்று துப்பாக்கி உரிமைக்காகப் போராடும் என்.ஆர்.ஏ. சங்கத்தின் இயக்குநர் குழுவில் ஒருவர் எழுதினார். செத்தவர் மேலேயே பழி! அந்தக் கொலையாளிக்குத் துப்பாக்கி கிடைத்ததே துப்பாக்கி வாங்குபவரைப் பற்றிய எஃப்.பி.ஐ.யின் பின்னணிச் சோதனை கோட்டை விட்டதால்தான். 2017இல் டெக்ஸஸின் சதர்லாண்ட் ஸ்பிரிங்ஸ் தேவாலயத்திலும் அதே கதை. குடும்ப வன்முறையில் தண்டனை பெற்ற தன் முன்னாள் வீரனைப் பற்றிய தகவலை விமானப்படை எஃப்.பி.ஐ.க்கு அனுப்பாமல் விட்டது, 26 பேர் போனார்கள். துப்பாக்கிக் கடை வாசலிலேயே தடுத்திருக்க வேண்டியதை விட்டுவிட்டு, பூசைக்கு வந்தவர் இடுப்பில் பொறுப்பைக் கட்டுகிறோம்.

அதற்காக முழுத் தடையும் எனக்குச் சம்மதமில்லை. நியூயார்க் 2022இல் வழிபாட்டுத் தலங்களில் அடியோடு தடை போட்டது. ஆபத்து வந்தால் எங்கள் மக்களை யார் காப்பது என்று போதகர்கள் வழக்குப் போட்டார்கள். நியாயமான கேள்விதான். ஷெரிஃப் வந்து சேரவே நேரமாகும் ஊர்களும் உண்டு. 2023இல் பாதுகாப்புப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு மட்டும் விலக்குக் கொடுத்துச் சட்டத்தைத் திருத்தினார்கள். யாரிடம் ஆயுதம் இருக்கிறது என்பது நிர்வாகத்துக்குத் தெரியும், மற்றவர்களிடம் இருக்காது. எனக்கு இது போதும்.

எங்கள் கோயில் பொதுக்குழு அடுத்த மாதம் கூடுகிறது. பலகை வைப்பது, பயிற்சி பெற்ற காவலர்களை அமர்த்துவது, கேமராவுக்கும் கதவுகளுக்கும் மத்திய அரசின் பாதுகாப்பு மானியத்துக்கு விண்ணப்பிப்பது என்று மூன்றையும் விவாதிக்கச் சொல்லிக் கடிதம் கொடுத்திருக்கிறேன். வீடியோ அனுப்பும் அண்ணன்மாரும் தயவுசெய்து நேரில் வாருங்கள். எதிர்த்து ஓட்டுப் போட்டாலும் பரவாயில்லை.