அமெரிக்க மாப்பிள்ளை என்றால் டூரிஸ்ட் விசா போதுமா?

"பி-2 (டூரிஸ்ட்) விசாவில் போய் அங்கேயே கல்யாணம் செய்துகொண்டு கிரீன் கார்டுக்குப் போட்டுவிடலாம்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். தயவுசெய்து இதை நம்பி டிக்கெட் போடாதீர்கள். டூரிஸ்ட் விசாவில் போய் மணம் முடித்துத் திரும்பி வருவதில் தப்பில்லை. அங்கேயே தங்கும் எண்ணத்தை மறைத்து நுழைந்ததாக அதிகாரி முடிவு செய்தால், பொய்த் தகவல் தந்த குற்றமாகிவிடும். அதற்கு ஆயுள் தடை வரை உண்டு.

வரப்போகும் துணை அமெரிக்கக் குடிமகனாக இருந்தால், அங்கே போய் மணக்கப்போகிறவருக்கான கே-1 விசா. அந்தக் குடிமகன்தான் இதற்கான ஐ-129எஃப் மனுவைப் போட வேண்டும். கிரீன் கார்டு மட்டும் வைத்திருப்பவரால் முடியாது. மனுவுக்கு முந்தைய 2 ஆண்டுகளுக்குள் இருவரும் நேரில் சந்தித்திருக்க வேண்டும், வீடியோ கால் கணக்கில் வராது. அங்கே இறங்கிய 90 நாளுக்குள் அவரையே மணக்க வேண்டும். இந்தக் கெடு நீட்டிக்கப்படாது. பிறகு கிரீன் கார்டுக்கான ஐ-485 விண்ணப்பம் போட வேண்டும். பயண அனுமதி வருமுன் ஊருக்குப் புறப்பட்டால் பொதுவாக அந்த விண்ணப்பம் கைவிடப்பட்டதாகிவிடும்.

நம் குடும்பங்கள் சறுக்குவது இங்கேதான்: கே-1 நடந்துகொண்டிருக்கும்போதே "சும்மா சடங்குக்கு" என்று ஊரில் தாலி கட்டிவிடுகிறார்கள். பதிவு செய்யாவிட்டாலும் நேர்காணலில் அந்தப் போட்டோக்களைப் பார்த்து, ஏற்கெனவே மணமானவர் என்று கே-1-ஐ மறுக்கலாம். ஊரில்தான் கல்யாணம் என்றால் முறையாகப் பதிவு செய்து ஐ-130 (கணவன்/மனைவிக்கான மனு) வழியே, மணமானவருக்கான சிஆர்-1 விசா எடுங்கள். அதில் போனால் இறங்கிய நாளிலிருந்தே நிரந்தரக் குடியிருப்பு, வேலைக்கும் போகலாம்.