எதிரியின் பக்கம் நிற்கும் ஒரு ஒற்றர் படம்

1939-ல் வந்த 'தி ஸ்பை இன் பிளாக்' படத்தைப் பழைய கறுப்பு வெள்ளைச் சமாச்சாரம் என்று பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். திரைக்கதை எழுத நினைப்பவர்கள் அப்படிப் போகவே கூடாது. திருப்பத்தைச் சொல்லாமல் இந்தப் படத்தைப் பற்றிப் பேச முடியாது. பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள், 82 நிமிடம்தான்.

கதை 1917-ல், ஸ்காட்லாந்துக்கு வடக்கே இருக்கும் ஆர்க்னித் தீவுக்கூட்டத்தின் ஹாய் தீவில், ஒரு சின்னக் கடலோர ஊரில் நடக்கிறது. பக்கத்திலேயே பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் நிற்கும் ஸ்காபா ஃப்ளோ. ஜெர்மன் நீர்மூழ்கிக் கேப்டன் ஹார்ட் இரவில் மோட்டார் சைக்கிளோடு கரையேறுகிறார். பள்ளி ஆசிரியை வேடத்தில் இருக்கும் பெண் உளவாளிதான் அவருக்குக் கட்டளையிடுபவர். பதவியில் அவமானப்பட்ட ஒரு பிரிட்டிஷ் அதிகாரி, கடற்படை ரகசியத்தை விற்க வருகிறார். கடைசியில் பார்த்தால் அந்த இருவருமே பிரிட்டன் ஆட்கள், அதுவும் கணவன் மனைவி.

இங்கேதான் திரைக்கதை எழுதிய எமெரிக் பிரஸ்பர்கரின் கைவரிசை. அசல் ஆசிரியையை ஜெர்மன் ஆட்கள் காரில் கடத்துவதை நம் கண்ணாலேயே பார்த்துவிடுகிறோம். அதனால் பள்ளி வீட்டில் இருப்பவள் ஜெர்மன்காரி என்று நாமே முடிவு கட்டிக்கொள்கிறோம். நடுவில் அந்த ஜெர்மன்காரியின் இடத்துக்கு பிரிட்டன் ஆள் வந்துவிட்ட ஒரே ஒரு கண்ணியைக் காட்டாமல் விட்டிருக்கிறார், அவ்வளவுதான். பொய்க் காட்சி ஒன்றுகூடக் கிடையாது. பல படங்களில் திருப்பம் சொதப்புவது, பார்வையாளரிடம் முன்னால் காட்டியதையே பின்னால் மறுப்பதால்தான்.

ஹார்ட் மேல் நமக்குப் பரிவு வருவது சாப்பாட்டால். ஜெர்மனியின் கீல் நகர ஓட்டலில் எதைக் கேட்டாலும் இல்லை என்கிறார்கள். ஹாய் தீவு மேசையில் வெண்ணெயைப் பார்த்ததும் ஹார்ட்டாக நடிக்கும் கான்ராட் ஃபைட்டின் முகம் மாறும் பாருங்கள், பத்துப் பக்க வசனம் அதில் இருக்கிறது. 1933-ல் ஜெர்மனியை விட்டே வெளியேறிய நடிகர் அவர்.

சீருடையையும் கவனியுங்கள். சீருடையில் பிடிபட்டால் போர்க்கைதி, சாதாரண உடையில் பிடிபட்டால் உளவாளி, தோட்டாதான். அதனால்தான் ஹார்ட் அதைக் கழற்ற மறுக்கிறார். தப்பிக்கப் பாதிரியார் உடையை மாட்டும்போது அந்தக் காப்பும் போய்விடுகிறது.

குறையும் உண்டு. ஹார்ட் தப்பிக்க ஏறும் கப்பலை அதிலிருக்கும் ஜெர்மன் கைதிகள் கைப்பற்றுவது ரொம்பச் சுலபமாக முடிந்துவிடுகிறது, கடல் சண்டையில் பொம்மைக் கப்பல்கள் பளிச்சென்று தெரிகின்றன. ஆனாலும் ஹார்ட் இருக்கும் கப்பலை அவருடைய நீர்மூழ்கியே சுடும் இடம் அழுத்தமானது.

கதையின் அடித்தளம் கற்பனை இல்லை. 1914 நவம்பரில் ஜெர்மன் நீர்மூழ்கி யு-18 ஹாக்ஸா நீரிணை வழியாக ஸ்காபா ஃப்ளோவுக்குள் நுழையப் பார்த்து அகப்பட்டது. 1918 அக்டோபரில் அதே வழியில் வந்த யுபி-116-ஐ, நீருக்கடி ஒலிவாங்கியில் சத்தம் கேட்டுக் கரையிலிருந்தே கண்ணிவெடியை இயக்கித் தகர்த்தார்கள். படம் வெளியானது 1939 ஆகஸ்டில். அக்டோபர் 14 அதிகாலையில் யு-47 ஸ்காபா ஃப்ளோவுக்குள்ளேயே புகுந்து 'ராயல் ஓக்' என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலை மூழ்கடித்தது. 800 பேருக்கு மேல் இறந்தார்கள்.

இயக்குநர் மைக்கேல் பவலும் பிரஸ்பர்கரும் சேர்ந்த முதல் படம் இது. அடுத்து, ஃபைட்டும் ஆசிரியையாக வரும் வேலரி ஹாப்சனும் மறுபடி ஜோடியாக நடித்த 1940-ன் 'கான்ட்ராபேண்ட்' பாருங்கள்.